வாடிக்குப் பொருள் சொன்ன நாள்

என் அக்கா இரத்தினேஸ்வரிக்குச் சாம்பல்தீவுக் கடற்கரையில் ஒரு வாடி இருந்தது. இருக்கிறது என்று எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் போகிற போக்கில் வேறு யாரையாவது குற்றவாளியாக்கிவிட்டு நான் நழுவிவிடுவேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன்.

வாடி என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. பன்னிரண்டு கம்பு, மேலே தென்னங்கிடுகு, மூன்று பக்கம் மறைப்பு. உள்ளே மீன் வெட்டும் பலகையும் உப்புப் பீப்பாய்களும். வெளியே கருவாடு காயப்போடும் பரண். கரைவலைக்காரரிடம் மீன் வாங்கி, வெட்டி, உப்பிட்டு, காயவைத்து, மூதூர் ஜவ்பர் நானாவின் லொறியில் ஏற்றிவிடுவது அக்காவின் தொழில். முதலில் அத்தானும் அவளுமாகச் செய்தார்கள். அத்தான் சீனி வருத்தத்தில் போன பிறகு, பதினான்கு வருடமாக நாலு பெண்களைக் கூலிக்கு வைத்து அவளே நடத்தினாள்.

அந்த வாடி எனக்கும் சோறு போட்டது. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு வருடமும் மாதத்துக்கொரு கருவாட்டுப் பொதி வரும். அறையில் என்னோடு இருந்த சிங்களப் பெடியன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள், பிறகு நான் வகுப்பால் வருவதற்குள் அவர்களே பொரித்துத் தின்று தீர்த்துவிடுவார்கள். அவர்களோடு சண்டை பிடித்துத்தான் சிங்களம் படித்தேன். அந்தச் சிங்களம் எனக்கு உத்தியோகம் தந்தது. திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அரச கட்டடம் ஒன்றில் இருபது வருடமாக நான் மொழிபெயர்ப்பாளன். சத்தியம் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பாளன். இரண்டு மொழிக்கு நடுவில் ஒரு சொல்லைக் கூட்டினேன், ஒரு சொல்லைக் குறைத்தேன் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை.

எனக்கொரு பைத்தியம் உண்டு. எந்தச் சொல்லைக் கண்டாலும் அது எங்கே பிறந்தது, எந்தக் கப்பலில் வந்தது, எந்த ஊரில் என்ன வேஷம் போடுகிறது என்று துருவிக்கொண்டே இருப்பேன். கந்தோரில் எனக்குப் பட்டம் "அகராதி". அதைப் பாராட்டு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் அக்கா ஷொப்பிங் பையில் சுற்றிய ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். கரையோரக் காணிகளைப் பார்க்கும் திணைக்களம் ஒன்று சிங்களத்தில் அனுப்பியிருந்தது. மார்கழி பன்னிரண்டாம் திகதி தாங்கள் வந்து பார்த்ததாகவும், அவள் சொல்லும் இடத்தில் "தற்காலிக வாடிய", அதாவது தற்காலிக வாடி, எதுவும் இல்லை என்றும், அந்தக் கரைத்துண்டு சுற்றுலா விடுதி ஒன்றுக்கு ஒதுக்கப்பட இருப்பதாகவும், ஆட்சேபனை இருந்தால் மாசி ஒன்பதாம் திகதி விசாரணைக்கு வரும்படியும் இருந்தது. கூடவே ஒரு படம். வெறும் மணல். நடுவில் ஒற்றைக் கம்பு.

"மார்கழியில வந்து வாடியைத் தேடினா என்னெண்டு இருக்கும்?" என்றாள் அக்கா. "கடல் வாசலுக்கு வாற காலம். அந்த நேரத்தில வாடியை விட்டு வைக்க நாங்கள் என்ன விசரரே?"

அந்தக் கரையின் வழமை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாடைக் காற்று தொடங்க முன், கார்த்திகையில், எல்லோரும் வாடியைக் கழற்றிக் கம்பையும் கிடுகையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பங்குனியில் திரும்பப் போடுவார்கள். ஆனால் கடல் பக்கத்து மூலைக் கம்பை மட்டும் பிடுங்க மாட்டார்கள். அதன் தலையில் பழைய வலைத் துண்டு ஒன்றை முடிந்துவிட்டுப் போவார்கள். இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது, திரும்பி வரும் என்பது அதன் அர்த்தம். இன்னொருவரின் கம்பில் அந்தக் கரையில் யாரும் கைவைத்தது கிடையாது. பருவத்துக்கு நீர்கொழும்பிலிருந்து வரும் சிங்களச் சம்மாட்டிமாரும், வலை முதலாளிகள், அப்படித்தான். சுனாமி எல்லாக் கம்பையும் கொண்டுபோன வருடம்கூட, யாருடையது எங்கே நின்றது என்று கரையே கூடி நின்று காட்டிக் கொடுத்தது.

திணைக்களம் எடுத்த படத்தில் நின்றது அந்தக் கம்புதான். வலைத் துண்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, எனக்குச் சிங்களம் சந்தையளவுக்குத்தான். நீ வந்து கதை," என்றாள் அக்கா. "நீ சொல்ல வேண்டியது ரெண்டே ரெண்டு. வாடைக்குக் கழட்டிறது எங்கட வழமை. கம்பு நிண்டா ஆள் இருக்கு. அதைச் சொல்ல ஜவ்பர் நானாவும் வாறாராம், நீர்கொழும்புச் சம்மாட்டி ஹெக்டர் அண்ணையும் வாறாராம். அவையைக் கூப்பிட்டு விட்டாக் காணும்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றேன். அவள் சொன்னது என் காதில் பாதிதான் ஏறியது. என் கண் அந்தக் கடிதத்தில் இருந்த "வாடிய" என்ற சொல்லிலேயே நின்றது.

அடுத்த மூன்று வாரமும் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. வழமைக்கு அத்தாட்சியாகக் கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்திருக்கலாம். பக்கத்து வாடிக்காரர் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். நான் அகராதிகளைப் புரட்டினேன். பதினொரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன்.

மாசி ஒன்பதாம் திகதி தூறல். விசாரணை என் கந்தோர்க் கட்டடத்தின் மேல்மாடியில்தான். யன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல் ஒன்று மழையில் நின்றது. ஜவ்பர் நானா வெள்ளைச் சட்டை போட்டு வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். ஹெக்டர் விடியமுன்னமே பஸ் ஏறியவர், தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அக்கா கலியாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள்.

விசாரணை அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் சொல்ல ஒன்றுமில்லை. எங்களைக் கண்டதும் கதிரைகளைக் காட்டி "வாடி வென்ன" என்றார். சிங்களத்தில் மரியாதையாக உட்காரச் சொல்வது அப்படித்தான்.

அதோடு முடிந்தது கதை.

"சேர், இப்போது நீங்கள் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்றைய விசாரணை," என்றேன் சிங்களத்தில். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஒரு மனிதன் தன் பைத்தியத்தைக் கேட்க ஆள் கிடைத்தால் என்ன ஆவான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்து களைத்து வந்தவர்கள் தங்கும் இடம் வாடிய, ஆகவே "வாடி வென்ன" என்றால் தங்கி இளைப்பாறுங்கள் என்றுதான் முதலில் பொருள் இருந்திருக்க வேண்டும் என்றேன். இது என் ஊகம்தான், பண்டிதர்கள் அடிக்க வருவார்கள் என்றும் சொன்னேன். அவர் இன்னும் சிரித்தார். காட்டில் மரம் வெட்டுபவர்களும், தெருப் போடுபவர்களும் போடும் கொட்டிலையும் தங்கள் பக்கம் வாடிய என்றுதான் சொல்வார்கள் என்றார். அப்படியானால் கேளுங்கள் என்று நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். வடமொழியில் வாடி என்றால் வேலியடைத்த தோட்டம், வீடு நிற்கும் நிலம். அதுவே மராட்டியில் சிற்றூர். குஜராத்தில் பழத்தோட்டம். வங்காளத்துக்காரனின் வாயில் திரிந்து வீடே ஆகிவிட்டது. தமிழில் விறகும் மரமும் உப்பும் அடுக்கும் அடைப்பு, மீன்காரரின் இருப்பிடம். ஆகவே, சேர், இந்தச் சொல்லின் வேரிலேயே வேலி இருக்கிறது, வேலிக்குள்ளே ஒரு உரிமையாளன் இருக்கிறான். அதற்கு முன்னால் "தற்காலிக" என்று போடுவது எப்படிப் பொருந்தும்?

"அரபியில் வாதி என்கிறார்களே," என்றார் அவர். கட்டாரில் சிலகாலம் வேலை செய்தவராம்.

"அது வேறு குடும்பம், சேர். அது பள்ளத்தாக்கு. ஸ்பெயினில் ஆறுகளின் பெயரிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வாதி. முகம் ஒன்று, இரத்தம் வேறு."

தேத்தண்ணி வந்தது. அக்காவுக்கும் ஒரு கோப்பை. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். அதிகாரி சிரிக்கிறார், தேத்தண்ணி தருகிறார், தம்பி கதைக்கக் கதைக்கத் தலையாட்டுகிறார். காரியம் வெற்றி என்று அவள் நினைத்ததில் பிழையே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கட்டத்தில் அவர் பேனாவை எடுத்தார். "அப்படியென்றால் இவர்களுடைய வாடியும் ஒவ்வொரு வருடமும் கழற்றப்படுவதுதானா?"

"ஆம் சேர். கார்த்திகையில் கழற்றிக்கொண்டு போய்விடுவோம். அதனால்தான் உங்கள் பொருளும் எங்கள் பொருளும் இந்தக் கரையில் சந்திக்கின்றன," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரு வசனம் போதும். அவர் எதையோ எழுதினார். என் வடமொழிக் குறிப்பை எழுதுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "தம்பி, அவையைக் கூப்பிடன்."

பொறுங்கோ என்று கையைக் காட்டினேன். அவள் பிறகு தொடவில்லை.

ஒரு மணித்தியாலம் போன பிறகு வாசலில் அடுத்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "வேறு ஏதும் சமர்ப்பிக்க இருக்கிறதா?" என்று கேட்டார்.

"தெலுங்குப் பக்கத்தில் ஊர்ப்பெயர்களில் வரும் ஒரு வடிவம் இருக்கிறது, சேர்," என்றேன். கடவுளே, அப்படித்தான் சொன்னேன். அவர் என் பதினொரு பக்கத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு கை குலுக்கினார்.

வெளியே வந்தபோது ஜவ்பர் நானா எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். "இனி நாங்களா?"

"தேவைப்படேல்ல, நானா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

அவர் ஹெக்டரைப் பார்த்தார். ஹெக்டர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அக்காதான் இரண்டு பேருக்கும் உள்ளே நடந்ததைச் சொன்னாள். தேத்தண்ணி தந்ததை முதலில் சொன்னாள்.

பங்குனி தொடங்கிய கிழமை தீர்ப்பு வந்தது. அதுவும் சிங்களம்தான். அக்கா அதைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள். முன்கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாசி," என்றாள்.

நான் மனதுக்குள் வாசித்தேன். நான்கு வசனம். ஆட்சேபனையாளர் சார்பில் சாட்சிகள் எவரும் முன்னிறுத்தப்படவில்லை. ஆண்டுதோறும் இடத்தைவிட்டு நீங்குவதாக அவரது பிரதிநிதியே ஏற்றுக்கொண்டுள்ளார். பிரதிநிதி கையளித்த சொல்லாராய்ச்சிக் குறிப்பு கோப்பில் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே ஆட்சேபனை நிராகரிக்கப்படுகிறது. அதன் கீழே, சிறிய எழுத்தில், இன்னும் ஒன்று: முன்னர் கேட்கப்படாத சாட்சிகள் இருப்பின், ஆட்சேபனையாளர் முப்பது நாட்களுக்குள் தமது கையொப்பத்துடன் மேன்முறையீடு செய்யலாம்.

"என்னவாம்?"

இருபது வருடம் நான் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை என்று சொன்னேன் அல்லவா. முதன்முதலாக மாற்றியது அந்த இடத்தில்தான்.

"மேலிடத்து முடிவாம், அக்கா. கொழும்பில முன்னமே எழுதி முடிச்சிட்டினம்."

"எங்கட பக்கம் நியாயம் எண்டு எழுதியிருக்கோ?"

"ஓம். நல்லாத்தான் எழுதியிருக்கினம். எண்டாலும் ஏலாதாம்."

"திருப்பி ஒருக்காக் கேட்டுப் பாக்க ஏலாதோ?"

"ஏலாது."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. அவள் குனிந்து இருந்தாள். பிறகு அழுதாள். அத்தானின் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுது முடித்துவிட்டு என் தலையைத் தடவினாள். நாற்பத்துமூன்று வயது ஆளின் தலையை.

"நீ யோசியாத. நீ என்ன செய்வாய். நீ கதைச்ச மாதிரி ஆர் கதைப்பினம்."

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். "அக்கா, அண்டைக்குப் பிழை விட்டது நான்." சொல்லச் சொல்ல அவள் முகம் வரும். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நான் பயப்படவில்லை. கோபிக்க மாட்டாள். ஆனால் அந்த மேல்மாடியில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாளே, அந்தச் சிரிப்பு எதைப் பார்த்து என்று அவளுக்கு விளங்கிவிடும். தன் தம்பி தன்னை மறந்துவிட்டு ஒரு சொல்லோடு விளையாடிக்கொண்டிருந்தான் என்று விளங்கிவிடும். அதை என்னால் தாங்க ஏலாது. என் மானத்துக்காக அவளுடைய தொழிலைக் கொடுத்தேன். இதை எந்த மொழியில் சொன்னாலும் இதே பொருள்தான்.

தீர்ப்பு வந்த பத்தாம் நாள் அவள் கரைக்குப் போய்த் தன் கம்பைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்தாள். இருபதாம் நாள் விடுதிக்காரர் தகரவேலி அடித்தார்கள். பக்கத்து வாடிக்காரர் இரண்டு பேர், தங்களுக்கும் கடிதம் வரும் என்று பயந்து, அக்காவிடம் வந்து கேட்டார்கள். "கதைச்சுப் பிரயோசனம் இல்லை. என்ர தம்பியே கதைச்சுப் பாத்திட்டான்," என்று அவர்களை அனுப்பிவிட்டாளாம்.

முப்பதாம் நாள் அவள் ஊரை விட்டுப் புறப்பட்டாள். இலங்கைத்துறையில் ஹெக்டர் போட்டிருக்கும் வாடியில் மீன் வெட்ட ஆள் வேண்டுமாம். தன் வாடியில் நாலு பெண்களுக்கு வேலை கொடுத்தவள், ஐம்பத்தொரு வயதில் இன்னொருவரின் வாடிக்குக் கூலிக்குப் போனாள். ஜவ்பர் நானாவின் லொறியிலேயே போகிறாள் என்று தெரிந்து, காலை ஒன்பதரைக்குத் துறைமுக வீதியில் நின்றேன். லொறி வந்து நின்றது. அக்கா முன் இருக்கையில், மடியில் ஒரு பையோடு. நானா இறங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, கோவிக்காம ஒண்டு சொல்லணும். அண்டைக்கு எங்களை ஏன் கூப்பிடல்ல? நான் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பனே. பதினெட்டு வருஷம் அந்தக் கம்பைப் பார்த்துத்தான் லொறியை நிப்பாட்டினனான்."

மேன்முறையீடு வாங்கும் சாளரம் என் கந்தோரின் கீழ்மாடியில், அங்கிருந்து நூறு யார் தூரத்தில். சாட்சி என் முன்னால் நிற்கிறார். கையொப்பம் வைக்க வேண்டியவள் லொறிக்குள் இருக்கிறாள். முப்பதாவது நாள் இன்னும் முடியவில்லை. இனி இப்படி ஒரு தருணம் யாருக்கும் அமையாது. நான் வாயைத் திறந்தேன்.

"விடுங்கோ நானா," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "அவனைக் கேட்டு என்ன? நீங்கள் வந்து சொல்லியிருந்தாலும் இதுதான். கொழும்பில முன்னமே முடிச்சிட்டாங்கள். பாவம், அவன் தொண்டைத் தண்ணி வத்தக் கதைச்சவன். அந்தச் சேர் எழும்பிக் கை குடுத்தவர் தெரியுமே?"

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் போய் லொறியில் ஏறினார். அக்கா கையை வெளியே நீட்டி என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டாள். லொறி கிண்ணியாப் பக்கம் போனது.

நான் கந்தோருக்குப் போய் என் கதிரையில் இருந்தேன். மேசையில் யாருடையவோ காணிப் பத்திரம் மொழிபெயர்ப்புக்குக் கிடந்தது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. இரண்டு முறை கீழே இறங்கிச் சாளரத்துக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டாம் முறை அங்கிருந்த பெண், "என்ன சேர்?" என்று கேட்டாள். படிவம் ஒன்று கேட்டு வாங்கினேன். அக்காவின் பெயர், முகவரி, கோப்பு இலக்கம் எல்லாம் பிழையில்லாமல் நிரப்பினேன். காரணம் என்ற பகுதிக்கு வந்தபோது பேனாவை மூடினேன்.

நாலு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது.

"வந்து சேந்திட்டன், தம்பி. இஞ்ச எனக்கு ஒரு மூலை தந்திருக்கினம். பாயும் தந்திருக்கினம். ஹெக்டர் அண்ணை ஒரு குறையும் விடேல்ல. நீ அங்கயிருந்து கவலைப்படாத, என்ன?"

"ஓம் அக்கா."

"எனக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தக் கடவுளுக்கும் தெரியும்."

சாளரம் மூட இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. காரணமும் அவள் கையொப்பமும் இல்லாத படிவம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. அவள் பக்கத்தில் யாரோ மீனைக் கொட்டச் சொல்லிக் கத்தினார்கள். அவள் வருகிறேன் என்று அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி என்னிடம் வந்தாள்.

"வேலைக்குக் கூப்பிடுகினம். வைக்கட்டே? நீ ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை அக்கா," என்றேன்.